அடேலின் ‘21’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலப் பாப் இசையைக் கேட்கத் தொடங்குகிற யாரும் சீக்கிரமே இந்த ஆல்பத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்கள். வந்தவுடன் கேட்கிற கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்கு உட்கார்ந்துதான் பேச வேண்டியிருக்கிறது.

‘21’ என்பது என்ன? பெயர் வைக்காமல் ஏன் எண் வைத்தார்?

லண்டன் பாடகி அடேலின் இரண்டாவது ஆல்பம் இது. பிரிட்டனில் 2011 ஜனவரி 24 அன்றும், அமெரிக்காவில் அதே ஆண்டு பிப்ரவரி 22 அன்றும் வெளியானது. 11 பாடல்கள், மொத்தம் 48 நிமிடங்கள். பாடல்களை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. அதையே தலைப்பாக வைத்துவிட்டார். முதல் ஆல்பம் ‘19’, மூன்றாவது ‘25’, நான்காவது ‘30’. நான்கையும் அலமாரியில் வரிசையாக அடுக்கினால் ஒரு பெண் வளர்ந்து வருவது தெரியும். முதலில் ‘ரோலிங் இன் தி டீப்’ என்ற பாட்டின் பெயரையே ஆல்பத்துக்கும் வைக்க எண்ணியிருந்தார். குழப்பம் வரும் என்று பிறகு கைவிட்டார்.

இந்த ஆல்பத்துக்கு முன்பு அடேல் யார்?

1988 மே 5 அன்று வடக்கு லண்டனின் டாட்டன்ஹாமில் பிறந்தவர். தாயின் வளர்ப்பு. குரோய்டனில் உள்ள பிரிட் பள்ளி என்ற கலைப் பள்ளியில் படித்து 2006-ல் வெளியே வந்தார். வகுப்புக்காகப் பதிவுசெய்த மூன்று பாடல்களை நண்பர் ஒருவர் மைஸ்பேஸ் தளத்தில் போட்டுவைத்தார். அதைக் கேட்டுவிட்டு எக்ஸ்.எல். ரெக்கார்டிங்ஸ் என்ற நிறுவனம் தொடர்புகொண்டது. அப்போது அவர் கேள்விப்பட்டிருந்த ஒரே இசை நிறுவனம் வர்ஜின்தான். எக்ஸ்.எல். என்று ஒன்று இருக்கிறது என்பதையே அவர் நம்பவில்லை.

எக்ஸ்.எல். நடன இசையில் தொடங்கி வளர்ந்த, பெரிய நிறுவனங்களோடு சேராத லண்டன் நிறுவனம். ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஆல்பங்களை வெளியிடும். தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பெயர் முற்றிலும் புதிதாக இருக்க வேண்டியதில்லை. ஈழத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடிய ‘அருளர்’ (2005), ‘கலா’ (2007) ஆகிய இரண்டையும் வெளியிட்டது இதே நிறுவனம்தான். ஒன்றுக்கு அப்பா பெயர், இன்னொன்றுக்கு அம்மா பெயர். எண்களைத் தலைப்பாக வைக்கிற பாடகி வந்து சேர்ந்தபோது நிறுவனம் திகைத்திருக்காது.

2008 ஜனவரியில் ‘19’ வந்தது. பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. அதை மாற்றியது ஒரு தேர்தல். 2008 அக்டோபர் 18 அன்று ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் பாட இருந்தார். அதே இரவில் குடியரசுக் கட்சியின் துணை ஜனாதிபதி வேட்பாளர் சாரா பாலின் விருந்தினராக வந்தார். பாலினைப் பார்க்க உட்கார்ந்த ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் அடேலையும் கேட்டுவிட்டார்கள். மறுநாளே ஐடியூன்ஸ் பட்டியலில் ‘19’ மேலே ஏறியது. 2009 பிப்ரவரியில் சிறந்த புதிய கலைஞர் விருது உட்பட இரண்டு கிராமி விருதுகள்.

இரண்டாவது ஆல்பம் என்றால் இசையுலகம் ஏன் பயப்படுகிறது?

முதல் ஆல்பத்துக்குப் பிறந்ததிலிருந்து சேர்த்துவைத்ததெல்லாம் சரக்கு. இரண்டாவதுக்குக் கிடைப்பது ஒன்றரை, இரண்டு ஆண்டுகள். அதிலும் பாதி ஓட்டல் அறைகளிலும் விமான நிலையங்களிலும் போய்விடும். அதனால்தான் பலரின் இரண்டாவது ஆல்பம், ஓட்டல் அறையில் எவ்வளவு தனிமை தெரியுமா என்று புலம்புகிறது. அடேலுக்கும் அந்தப் பயணங்கள் இருந்தன. ஆனால் அவருக்கு அங்கே ஒரு நல்ல பேருந்து ஓட்டுநர் கிடைத்தார்.

பேருந்து ஓட்டுநரா?

ஆம். அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அவர்களுடைய பேருந்தை ஓட்டியவர் தென்மாநிலத்துக்காரர். ஓய்வு நேரத்தில் புகைபிடிக்க இறங்கும் அடேலுக்கு, அமெரிக்க நாட்டுப்புற இசையையும் அங்கத்திய கறுப்பின மக்களின் இசையான பழைய புளூஸையும் போட்டுக் காட்டினார். வாண்டா ஜாக்சன் போன்றவர்களை அடேல் முதன்முதலாகக் கேட்டது இப்படித்தான். லண்டன் பெண்ணுக்கு அதெல்லாம் அதுவரை வேற்று ஊர்ச் சங்கதி. ‘21’ இல் கைதட்டலும் கால்தட்டலும் கிராமத்துத் தேவாலயப் பாடகர் குழு போன்ற பின்குரல்களும் கேட்கின்றனவே, அவற்றின் வேரைத் தேடினால் அந்தப் பேருந்து நிறுத்தங்களில்தான் போய் நிற்போம்.

பாடல்கள் எல்லாம் ஒரே காதல் முறிவைப் பற்றியவை என்கிறார்களே? யார் அந்த மனிதர்?

பெரும்பாலானவை ஒரு முறிவைச் சுற்றியவைதான். ஆள் யார் என்பதை அடேல் அந்த நாள்களில் சொல்லவில்லை. நாமும் தோண்ட வேண்டாம். பத்திரிகைகள் தோண்டிய அளவே போதும். பாட்டுக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை என்பதுதான் முக்கியம். பெயர் தெரிந்திருந்தால் அது அவர் கதையாகவே நின்றிருக்கும்.

‘ரோலிங் இன் தி டீப்’ எப்படி உருவானது? அந்தத் தலைப்புக்கு என்ன பொருள்?

உறவு முறிந்த மறுநாள் அவர் தயாரிப்பாளர் பால் எப்வொர்த்தின் லண்டன் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார். உருக்கமான மெதுப்பாட்டு ஒன்று எழுத வேண்டும் என்றார். எப்வொர்த் ஒப்பவில்லை. அழுகை வேண்டாம், கோபத்தைப் பாடு என்றார். அடேல் வாத்தியம் எதுவும் இல்லாமல் முதல் வரிகளைப் பாடிக் காட்ட, அவர் அதற்குக் கீழே இசையைக் கட்டத் தொடங்கினார். அடியில் கேட்கும் தாளத்துக்காகக் கூடத்தின் மரப்படியில் காலால் தட்டிப் பதிவு செய்தார்கள். பிறகு அந்தப் பாட்டை முறையாக, நல்லபடியாக மறுபடியும் பாடிப் பார்த்தார்கள். முதல் நாளின் குரல் திரும்ப வரவில்லை. ஆகவே மாதிரிக்காகப் பாடிய குரலே வெளியான ஆல்பத்திலும் இருக்கிறது. மூக்கை உறிஞ்சிவிட்டு வந்து பாடிய குரல் உலகம் முழுவதும் போய்விட்டது.

தலைப்பைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ஆழத்தில் உருள்வது என்று ஏதோ வரும், அர்த்தம் பிடிபடாது. லண்டன் பேச்சுவழக்கில் ‘ரோல் டீப்’ என்றால் எப்போதும் நம் பக்கம் நிற்க ஆள் இருப்பது. அந்த ஆள் போய்விட்டான் என்பதுதான் பாட்டின் வயிற்றெரிச்சல்.

ரிக் ரூபின் தயாரித்த ஆல்பம் என்று படித்தேன். சரியா?

பாதி சரி. இந்த ஆல்பத்தின் மிகச் சுவையான கதை இதுதான் என்பது என் எண்ணம்.

ரிக் ரூபின் அமெரிக்காவின் பெரிய தயாரிப்பாளர்களில் ஒருவர். ராப் இசையைப் பெருவெளிக்குக் கொண்டுவந்தவர். பழம்பெரும் பாடகர் ஜானி கேஷுக்கு அவருடைய முதுமையில் இசையில் மறுவாழ்வு கொடுத்தவர். அப்போது அமெரிக்காவில் அடேலை வெளியிட்ட கொலம்பியா நிறுவனத்தின் தலைமையிலும் இருந்தார். 2010-ல் கலிபோர்னியாவின் மலிபு கடற்கரையில் தேர்ந்த வாத்தியக்காரர்களைச் சேர்த்து, எல்லோரும் ஒரே அறையில் இருந்து ஒன்றாக வாசித்து, அடேலின் பாடல்களைப் பதிவுசெய்தார். முழு ஆல்பமும் அவர் கையால் வரும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

லண்டன் திரும்பிக் கேட்டுப் பார்த்தபோது அடேலுக்கும் எக்ஸ்.எல். காரர்களுக்கும் ஒரு சந்தேகம் வந்தது. பதிவுகளில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வெவ்வேறு கூடங்களில் முன்பே பாடிவைத்திருந்த மாதிரிப் பதிவுகளில் இருந்த காயம் இவற்றில் ஆறிப்போயிருந்தது. கடைசியில் ரூபினின் பதிவுகளில் நான்கை மட்டும் வைத்துக்கொண்டார்கள்: ‘டோன்ட் யூ ரிமெம்பர்’, ‘ஹி வோன்ட் கோ’, ‘ஒன் அண்ட் ஒன்லி’, ‘லவ்சாங்’. மற்றவற்றுக்கு எப்வொர்த், ரயன் டெடர், ஜிம் அபிஸ், ஃப்ரேசர் டி ஸ்மித், டேன் வில்சன் ஆகியோரின் பதிவுகளுக்கே திரும்பினார்கள். அவ்வளவு பெரிய கையை ஓரமாக வைத்துவிட்டு மாதிரிப் பதிவை எடுத்துப் போட ஒரு நெஞ்சுரம் வேண்டும். 22 வயதில் அது இருந்திருக்கிறது.

இத்தனை பேர் தயாரித்தும் ஆல்பம் துண்டு துண்டாகத் தெரியாததற்கு ஒரே காரணம் குரல். யார் பந்தல் போட்டாலும் உள்ளே உட்கார்ந்திருப்பவர் ஒருவரே.

‘சம்ஒன் லைக் யூ’?

அமெரிக்கப் பாடலாசிரியர் டேன் வில்சனோடு லாஸ் ஏஞ்சலீஸில் இரண்டே நாள்களில் முடிந்த பாட்டு. ஒரு பியானோ, ஒரு குரல், வேறொன்றும் இல்லை. இதுவும் மாதிரிப் பதிவாகத் தொடங்கி அப்படியே ஆல்பத்துக்குள் போனதுதான். ‘ரோலிங் இன் தி டீப்’ கதவை அறைந்து சாத்துகிற பாட்டு என்றால், இது பல மாதம் கழித்து அதே கதவுக்கு வெளியே தயங்கி நிற்கிற பாட்டு. பழைய காதலனுக்கு வேறொருத்தியோடு திருமணம் என்று கேள்விப்பட்ட பிறகு எழுதியது. ஆல்பத்தின் முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் இப்படி வைத்ததிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது.

வெளியான முதல் வாரத்திலேயே சாதனை படைத்ததா?

இல்லை. பலரும் தவறாக நினைப்பது இதைத்தான். பிரிட்டனில் முதல் வாரம் சுமார் 2,08,000 பிரதிகள், அமெரிக்காவில் சுமார் 3,52,000 பிரதிகள். நல்ல தொடக்கம், சாதனை என்று சொல்ல முடியாது. இந்த ஆல்பத்தின் பெருமையெல்லாம் அது இறங்க மறுத்ததில் இருக்கிறது. மற்ற ஆல்பங்கள் தீபாவளிப் பட்டாசு போல முதல் வாரம் வெடித்துவிட்டு, மூன்றாம் வாரத்தில் காகிதக் குப்பையாகக் கிடக்கும். இது அகல்விளக்கு போல எரிந்துகொண்டே இருந்தது. எண்ணெய் ஊற்றியது யார் என்பது அடுத்த கேள்வியில்.

பிரிட் விருது இரவில் என்ன நடந்தது?

2011 பிப்ரவரி 15, லண்டன் ஓ2 அரங்கு. பிரிட்டிஷ் இசைத்துறை ஆண்டுதோறும் நடத்தும் விருது விழா. மற்றவர்கள் ஆட்டக்காரர்களும் நெருப்பும் புகையுமாக மேடையை நிறைத்த நிகழ்ச்சி. அடேல் ஒரு பியானோக் கலைஞரோடு வந்து ‘சம்ஒன் லைக் யூ’ பாடினார். பாட்டு முடியும்போது குரல் உடைந்தது, கண் கலங்கியது, திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான் நிகழ்ச்சி.

அப்போது பிரிட்டன் தனிப்பாடல் பட்டியலில், அதாவது ஒற்றைப் பாட்டுகளின் விற்பனை வரிசையில், 47-ஆம் இடத்தில் இருந்த பாட்டு, அடுத்த பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அந்த வாரத்தில் அவருடைய இரண்டு பாடல்கள் தனிப்பாடல் பட்டியலின் முதல் ஐந்திலும், இரண்டு ஆல்பங்கள் ஆல்பப் பட்டியலின் முதல் ஐந்திலும் ஒரே நேரத்தில் இருந்தன. உயிரோடிருக்கும் கலைஞர் ஒருவர் இதைச் செய்தது 1964-ல் பீட்டில்ஸுக்குப் பிறகு அதுவே முதல்முறை. வேடிக்கை என்னவென்றால், உலகமே பாடிய ‘ரோலிங் இன் தி டீப்’ சொந்த நாட்டில் ஒருபோதும் முதலிடத்துக்கு வரவில்லை. இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது.

அப்படியானால் சாதனைகள்தான் என்னென்ன?

பிரிட்டனில் தொடர்ந்து 11 வாரங்கள் முதலிடம். தனிப் பாடகிகளில் அதுவரை மடோனாவிடம் இருந்த 9 வாரச் சாதனை அதோடு போனது. இடையிடையே இறங்கி ஏறி மொத்தம் 23 வாரங்கள். ஒரே ஆண்டுக்குள் பிரிட்டனில் 30 லட்சம் பிரதிகளைத் தாண்டிய முதல் ஆல்பமும் இதுவே. பிரிட்டனில் 21-ஆம் நூற்றாண்டின் அதிக விற்பனை என்ற இடத்தில் அப்போது இருந்தது ஏமி வைன்ஹவுஸின் ‘பேக் டு பிளாக்’. 2011 ஜூலையில் ஏமி இறந்த பின் அந்த ஆல்பம் மறுபடி விற்று அந்த இடத்துக்கு வந்திருந்தது. டிசம்பரில் ‘21’ அதைக் கடந்தது. இருவரும் பிரிட் பள்ளியில் படித்தவர்கள்; ‘பேக் டு பிளாக்’ கும் ஏமியின் இரண்டாவது ஆல்பம்தான். இந்தத் தகவலை எழுதும்போது மகிழ்ச்சி வரவில்லை.

அமெரிக்காவில் ஆல்பங்களை வாரந்தோறும் வரிசைப்படுத்தும் பில்போர்டு 200 பட்டியலில் 24 வாரங்கள் முதலிடம். 2011, 2012 என இரண்டு ஆண்டுகளிலும் அங்கே அதிகம் விற்ற ஆல்பம் இதுவே. அடுத்தடுத்த ஆண்டுகளில் இப்படி நடந்தது 1983, 1984-ல் மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ க்குப் பிறகு அதுவே முதல்முறை. உலக அளவிலும் அதே இரண்டு ஆண்டுகளில் முதலிடம். மொத்த விற்பனை 3 கோடியைத் தாண்டியது. 2015-ல் பில்போர்டு தன் பட்டியல் வரலாறு முழுவதையும் கணக்கிட்டு எல்லாக் காலத்துக்குமான வரிசை ஒன்றை வெளியிட்டபோது அதன் தலையில் இருந்ததும் ‘21’.

தனிப்பாடல்களில் மூன்று அமெரிக்காவில் முதலிடம்: ‘ரோலிங் இன் தி டீப்’ (7 வாரங்கள்), ‘சம்ஒன் லைக் யூ’ (5 வாரங்கள்), ‘செட் ஃபயர் டு தி ரெயின்’ (2 வாரங்கள்). குரலும் பியானோவும் மட்டுமே உள்ள பாட்டு அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்தது ‘சம்ஒன் லைக் யூ’ தான் முதல்முறை.

24 வாரம் என்பது எல்லாக் காலத்துக்குமான உச்சமா?

இல்லை. ‘திரில்லர்’ 37 வாரங்கள், ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ திரைப்பட இசை 54 வாரங்கள். பிரிட்டனில் ‘சவுத் பசிபிக்’ படத்தின் இசை 115 வாரங்கள் முதலிடத்தில் குந்தியிருந்தது. 1984-85-ல் பிரின்ஸின் ‘பர்பிள் ரெயின்’ பெற்ற 24 வாரங்களை ‘21’ சமன் செய்தது, தாண்டவில்லை. பாடகிகளுக்குள்தான் அது சாதனை. 2024-ல் டெய்லர் ஸ்விஃப்ட்டின் ஆல்பம் ஒன்று 17 வாரங்கள் வரை வந்து நின்றது.

விட்னி ஹூஸ்டனின் பெயரும் இதில் வருகிறதே?

வருகிறது. பாடகிகளில் முந்தைய சாதனை விட்னியின் ‘தி பாடிகார்டு’ திரைப்பட இசைக்கு இருந்த 20 வாரங்கள். 2012 பிப்ரவரி 11 அன்று விட்னி இறந்தார். மறுநாள் லாஸ் ஏஞ்சலீஸில் கிராமி விழா. அடேல் பரிந்துரைக்கப்பட்டிருந்த ஆறு பிரிவுகளிலும் வென்றார். ஆண்டின் சிறந்த ஆல்பம், பதிவு, பாடல் மூன்றும் அதில் அடக்கம். ஒரே இரவில் ஆறு என்பது பெண் கலைஞர்களில் 2010-ல் பியான்சே பெற்றதற்குச் சமம். அந்த விழாவுக்குப் பிந்தைய வாரத்தில் ‘21’ அமெரிக்காவில் 7,30,000 பிரதிகள் விற்றது. வெளியாகி ஓராண்டு ஆன ஆல்பம், தன் முதல் வாரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விற்கிறது! அது முதலிடத்தில் அதன் 21-ஆவது வாரம். விட்னியின் எண்ணைக் கடந்ததும் அப்போதுதான்.

அவருக்குக் குரலே போய்விட்டது என்றார்களே?

2011 முழுவதும் குரல்நாண் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. ரத்தக் கசிவு, அமெரிக்கப் பயணங்கள் இரத்தாயின. அந்த நவம்பரில் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் லேசர் நுண் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் பேசவே கூடாது. அந்தக் கிராமி மேடைதான் சிகிச்சைக்குப் பின் அவர் பாடிய முதல் பொது நிகழ்ச்சி. ‘ரோலிங் இன் தி டீப்’ பாட்டின் தொடக்க வரிகளை வாத்தியம் இல்லாமல் தனிக்குரலில் பாடினார். சோதனையை எல்லோர் முன்னாலும் செய்து காட்டியது போல இருந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆல்பம் மிக அதிகமாக விற்ற மாதங்களில் அவர் மேடையிலேயே இல்லை. ஊர் ஊராகப் போய் விளம்பரம் செய்தால்தான் விற்கும் என்கிற கணக்கு இங்கே பொய்த்துப்போனது.

சரி, ஏன் இவ்வளவு விற்றது?

அமெரிக்காவில் 2000-ல் 78.5 கோடி ஆல்பங்கள் விற்றன. 2010-ல் அது 32.6 கோடிக்கு இறங்கிவிட்டது. சிலர் இலவசமாக இறக்கிக்கொண்டார்கள், சிலர் ஒற்றைப் பாட்டை மட்டும் வாங்கினார்கள். முழு ஆல்பம் என்பதே முடிந்த கதை என்று தொழிலில் இருந்தவர்களே பேசிக்கொண்டிருந்தார்கள். 2011-ல் அங்கே மொத்த ஆல்ப விற்பனை 1.3 சதவீதம் கூடியது. 2004-க்குப் பிறகு முதல் ஏற்றம். ‘21’ மட்டும் அந்த ஆண்டு அங்கே 58 லட்சத்துக்கு மேல் விற்றிருந்தது. அதைக் கழித்துப் பார்த்தால் ஏற்றம் காணாமல் போய்விடும்.

அடேலின் குரல் நல்ல குரல் என்பது மட்டும் இதற்குப் பதிலாகாது. நல்ல குரல்கள் ஆண்டுதோறும் வருகின்றன. வாங்கியவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். இசைத்தட்டுக் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்ட நடுவயதினர், பேரங்காடியில் காய்கறி வாங்கப் போன இடத்தில் இதையும் கூடையில் போட்டார்கள். அம்மா வாங்கினாள், மகளும் தனக்கென்று வாங்கினாள். ஆண்டுக்கு ஒரே ஒரு ஆல்பம் வாங்குகிறவர்கள் எல்லோரும் அந்த ஆண்டு ஒரே ஆல்பத்தை வாங்கினார்கள். அந்த நேரத்துப் பாப் இசை நடன அரங்கின் மின்னணுத் தாளத்தில் மூழ்கிக் கிடந்ததும் உதவியது. எல்லோரும் சத்தமாக ஆடிக்கொண்டிருந்த கூடத்தில் ஒருத்தி உட்கார்ந்து அழுதாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது.

அவரும் தன்னை விற்க முயலவில்லை. பொருள்களின் விளம்பரங்களுக்கு முகம் கொடுக்கவில்லை. பெரிய திறந்தவெளி விழாக்களைத் தவிர்த்துச் சிறிய அரங்குகளில் பாடினார். அட்டையில் கறுப்பு வெள்ளைப் படம்: கண்ணை மூடிக் கையில் தலையைச் சாய்த்திருக்கும் முகம். அப்படி இருந்ததும் ஒருவகை விளம்பரம்தானே என்று கேட்டால், இருக்கலாம். எப்படியோ அது பலித்தது.

‘சம்ஒன் லைக் யூ’ கேட்டால் அழுகை வருவதற்கு அறிவியல் காரணம் உண்டாமே?

2012 பிப்ரவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. மெட்டில் ஒரு ஸ்வரம் அடியில் ஒலிக்கும் இசையோடு லேசாக மோதி, மறுகணம் இணக்கமான ஸ்வரத்துக்கு இறங்குவதற்கு இத்தாலிய மொழியில் ‘அப்போஜ்யத்தூரா’ என்று பெயர். அந்தச் சிறு உரசலும் தீர்வும் கேட்பவரின் உடலில் ஒரு சிலிர்ப்பை உண்டாக்கும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. இந்தப் பாட்டில் அடேல் செய்வதை அந்தப் பெயரால் அழைக்கலாமா என்று இசையறிஞர்கள் பிறகு சண்டை போட்டார்கள்.

கமகம் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு இந்தச் சண்டை சற்று விநோதமாக இருக்கும். ஸ்வரத்தை நேராகத் தொடாமல் அசைத்துத் தொடுவதில் உருக்கம் பிறக்கும் என்பதை நமக்கு யாரும் கட்டுரை எழுதிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதுவும் இதுவும் ஒன்றே என்று சொல்லிவிடாதீர்கள். கமகத்துக்குக் கீழே மோதிக்கொள்ள இன்னொரு சுருதிக்கூட்டம் இல்லை. என்னைக் கேட்டால், பல்லவிக்கு வரும்போது குரல் மேலே தாவி, அந்த உயரத்தில் சற்றே கரகரத்து நிற்கிறதே, அழவைப்பது அந்தக் கரகரப்புதான். முகாரி பாடத் தெரிந்தவர்கள் பலர். பாடும்போது தொண்டை அடைப்பதை மறைக்காமல் விடுகிறவர்கள் சிலரே.

‘லவ்சாங்’ அவருடைய பாட்டா?

இல்லை. தி கியூர் என்ற பிரிட்டிஷ் ராக் குழு 1989-ல் வெளியிட்டது. அடேலின் அம்மாவுக்கு அந்தக் குழுவைப் பிடிக்கும். ஆல்பத்தில் அவர் எழுதாத ஒரே பாட்டு.

விருது மேடையில் நடுவிரலைக் காட்டினாராமே?

2012 பிப்ரவரி 21, மறுபடியும் பிரிட் விருது. ஆண்டின் சிறந்த பிரிட்டிஷ் ஆல்பத்துக்கான விருதை வாங்கி நன்றி சொல்லத் தொடங்கிய சில விநாடிகளில், நிகழ்ச்சி நேரமாகிவிட்டது என்று தொகுப்பாளர் ஜேம்ஸ் கார்டன் குறுக்கிட வேண்டியதாயிற்று. அடுத்து ‘பிளர்’ குழு வாசிக்க வேண்டும். அடேல் விரலை உயர்த்தினார். ரசிகர்களுக்கு அல்ல, மேலதிகாரிகளுக்கு என்று பிறகு விளக்கினார். இதில் ஒரு தற்செயல்: அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் இடைவேளை மேடையில் அதே விரலை உயர்த்தி அமளியைக் கிளப்பியவர், எக்ஸ்.எல். நிறுவனத்தில் தொடங்கிய நம் எம்.ஐ.ஏ. மாதங்கி.

குறைகளே இல்லையா?

உண்டு. நடுவில் ஆல்பம் தொய்கிறது. ‘டேக் இட் ஆல்’, ‘ஐல் பி வெயிட்டிங்’ இரண்டும் வேறொரு பாடகிக்கு நல்ல பாடல்களாக இருந்திருக்கும்; இங்கே இடத்தை அடைக்கின்றன. ‘செட் ஃபயர் டு தி ரெயின்’ பாட்டில் வாத்தியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குரலோடு மல்லுக்கு நிற்கின்றன. அது முதலிடம் பிடித்த பாட்டு என்பதால் என் கருத்து மாறப்போவதில்லை. ஒலித்தரத்தில் அக்கறை உள்ளவர்கள் வேறொரு புகார் சொல்வார்கள்: இறுதிப் பதிவில் சத்தத்தை எல்லைக்கு மேல் ஏற்றியதால் உச்சங்களில் ஒலி நசுங்குகிறது என்பது. நல்ல தலையணி வைத்துக் கேளுங்கள், தெரியும்.

மூன்றாவது ஆல்பம் இதை முறியடித்துவிட்டதா?

வேறு வகையில். 2015 நவம்பரில் வந்த ‘25’ அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே 33.8 லட்சம் பிரதிகள் விற்றது. 2000-ல் என்சிங்க் குழு பெற்ற 24.2 லட்சம் என்ற உச்சம் தகர்ந்தது. பிரிட்டனில் முதல் வாரம் 8 லட்சம். அங்கேயும் புதிய உச்சம். ஆனால் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது 10 வாரங்கள்தான். ‘25’ வருவதற்கு முன்பே அதை வாங்கக் கூட்டம் காத்திருந்தது. அந்தக் கூட்டத்தை ‘21’ ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொடுத்திருந்தது.

இப்போது புதிதாகக் கேட்பவர் எந்தப் பாட்டில் தொடங்கலாம்?

முதல் பாட்டில் தொடங்கிக் கடைசிப் பாட்டில் முடியுங்கள். வரிசையைக் கலைக்காதீர்கள். அடேலும் இதில் பிடிவாதக்காரர்: 2021-ல் ‘30’ வெளியானபோது, ஆல்பங்களைத் திறந்ததும் பாடல்களைக் கலைத்துப் போடும் பொத்தான் முன்னால் நிற்கக் கூடாது என்று அவர் கேட்க, ஸ்பாட்டிஃபை அதை மாற்றிவைத்தது. 48 நிமிடம் ஒதுக்க முடியாதவர்கள் ‘ரோலிங் இன் தி டீப்’, ‘டர்னிங் டேபிள்ஸ்’, ‘ஒன் அண்ட் ஒன்லி’, ‘சம்ஒன் லைக் யூ’ ஆகிய நான்கை இதே வரிசையில் கேட்கலாம். கடைசிப் பாட்டைப் பஸ்ஸில் போகும்போது கேட்க வேண்டாம். பக்கத்து இருக்கைக்காரர் என்ன ஆயிற்று என்று கேட்பார்.